உண்ணிலம் ஒழித்து விற்கும் வாணிகம்

விற்றல் என்பது யாது? விலை பெற்றவன் பொருளின்மேற் கொண்டிருந்த பிடியை அறவே விட்டு நீங்குதலும், விலை கொடுத்தவன் அதனை முழுதும் தனதாக்கிக் கோடலுமே விற்றலாம். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் அது விற்றல் அன்று; வேறொரு பெயர்க்குரிய செயலாகும். அவ்வேறு பெயர்களுக்கும் தமிழிற் குறைவில்லை. பொருளைத் துய்க்கும் முறைக்கேற்ப விலை, ஒற்றி, குத்தகை, குடிக்கூலி, இரவல் எனத் தனித்தனிச் சொல் வகுத்து வைத்தனர் தமிழர். விலைக்குக் கொண்டவன் பொருளைத் தானே ஆள்வான். ஒற்றிக்குப் பெற்றவன் கடன் தீருமளவும் அதன் பயனைத் துய்ப்பான். குத்தகைக்கு எடுத்தவன் விளைவுதோறும் அளந்து கொடுப்பான். குடிக்கூலிக்கு இருப்பவன் திங்கள்தோறும் செலுத்துவான். இரவல் பெற்றவன் கேட்டபொழுது திருப்பித் தருவான். எழுத்தறியாத உழவனும் இவ்வைந்தனையும் ஒன்றோடொன்று மயங்காமல் வழங்குவான்.

மயங்காத இச்சொற்களை இற்றை நாட் பெருநிறுவனங்கள் வேண்டுமென்றே மயக்குகின்றன. மின்கருவிகளையும் மென்பொருள்களையும் பொழுதுபோக்குகளையும் அவை பணம் பெறுங்கால் விலைக்கு விற்பதாகச் சொல்லுகின்றன. வாங்கியவன் பயன்படுத்தப் புகுங்கால் குத்தகையாளனாக நடத்துகின்றன. தாம் விரும்பியபொழுது இரவலைப்போல் திரும்பப் பறித்துக்கொள்ளுகின்றன. ஒரே பொருளுக்கு மூன்று முகம்! விலைக்குரிய பணத்தையும் கொடுத்து, குத்தகைக்குரிய கட்டுப்பாட்டையும் சுமந்து, இரவலுக்குரிய இழிவையும் பொறுத்துக்கொண்டிருக்கின்றான் வாங்கியவன்.

முன்னோர் விற்ற முறை

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவிலை ஆவணங்கள் பலவுள. விற்கப்படும் நிலத்திற்குக் கிழக்கும் தெற்கும் மேற்கும் வடக்குமாகிய நான்கெல்லையும் குறித்து, மேனோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட, அவ்வெல்லைக்குள் அகப்பட்ட நிலத்தை ‘உண்ணிலம் ஒழிவின்றி’ விற்றுக்கொடுத்ததாக அவற்றில் எழுதினர். எல்லைக்குள்ளே ஒரு குழி நிலத்தையும் விற்றவன் தனக்கென ஒழித்து வைத்துக்கொள்ளவில்லை என்பதே அத்தொடரின் பொருள். வெளியெல்லையைக் காட்டி விலை வாங்கிவிட்டு உள்ளிடத்தைத் தன் கைப்பிடியில் வைத்துக்கொள்ளும் வஞ்சம் உண்டு என்பதை அறிந்தே, அதற்கு இடமில்லாதபடி அச்சொற்றொடரை அவர்கள் கல்லில் வெட்டினர்.

ஆயிரம் ஆண்டுகட்கு முன் தமிழர் எந்த வஞ்சத்தை அடைத்தனரோ, அதே வஞ்சந்தான் இன்று உலகளாவிய வாணிகமாக வளர்ந்து நிற்கின்றது. கைப்பேசியின் வெளிக்கூடு வாங்கியவனுடையது. அதனுள் இயங்கும் மென்பொருள் விற்றவனுடையது. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியவன் வீட்டில் இருக்கின்றது. அதன் திறவுகோல் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறியில் இருக்கின்றது. உண்ணிலம் ஒழித்து விற்கும் வாணிகம் என்பதன்றி இதற்கு வேறு பெயரில்லை.

ஆவணம் இல்லாதார்க்கும் இல்லை, உள்ளார்க்கும் இல்லை

இவ்வுண்மையைத் தமிழகத்தின் வடவெல்லையோரத்தில், திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சார்ந்த தேர்வாய் கண்டிகையில் நின்று பார்த்தல் தகும். ஒடுக்கப்பட்ட மக்களும் உழவுத் தொழிலாளருமே பெரும்பாலாக வாழும் சிற்றூர் அது. ஆடுமாடு மேய்த்தும், விறகும் கனியும் மருந்துச் செடியும் எடுத்தும், தலைமுறை தலைமுறையாக அவ்வூரார் பயன்கொண்ட காடும் மேய்ச்சல் நிலமுமாகிய 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட பொதுநிலம் சிப்காட்டுத் தொழிற்பூங்காவிற்கென எடுத்துக்கொள்ளப்பட்டது. பிரெஞ்சு நாட்டு டயர் நிறுவனமாகிய மிச்செலின் அங்கே தொழிற்சாலை நிறுவுதற்கு 2009ஆம் ஆண்டில் தமிழக அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டது. ஊரார் எதிர்த்துப் போராடினர், வழக்குமன்றம் சென்றனர், 2012ஆம் ஆண்டில் அவர்கள் முறையீடு பிரெஞ்சு நாடு வரையிலும் சென்றது. எனினும் மரங்கள் வீழ்ந்தன, வேலி எழுந்தது. அந்நிலம் அரசின் கணக்கிற் புறம்போக்கு. ஊரார் பெயரிற் பட்டா இல்லை. ஆவணம் இல்லையாதலின் உடைமை இல்லை என்பதே அவர்கள் பெற்ற விடை.

நன்று, ஆவணம் உடையார்க்கேனும் உடைமை உண்டோ? தேர்வாய் கண்டிகையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கைப்பேசி இல்லாத வீடில்லை. தொலைக்காட்சி இல்லாத தெருவில்லை. அவற்றையெல்லாம் மக்கள் உழைத்துச் சேர்த்த பணத்தால், விலைச்சீட்டுப் பெற்றே வாங்குகின்றனர். அச்சீட்டை எத்துணைப் பாதுகாப்பாக வைத்திருப்பினும், அப்பொருளைத் திறக்கவும் பழுதுபார்க்கவும் பிறர்க்குக் கொடுக்கவும் வேறோர் ஊழியத்தோடு இணைக்கவும் அவர்க்கு முழு உரிமையில்லை. நிலத்தில் ஆவணம் இல்லையென்று உரிமை மறுக்கப்பட்டது. கருவியில் ஆவணம் இருந்தும் உரிமை மறுக்கப்படுகின்றது. ஆகவே குறை ஆவணத்தில் இல்லை. வலியவன் எளியவனுக்கு எதனையும் முழுதாக விடுவதில்லை என்பதே உண்மை.

டயர் கற்பிக்கும் பாடம்

அத்தொழிற்சாலையில் வார்க்கப்பெறும் டயரையே எடுத்துக்கொள்க. சரக்குந்துக்குரிய டயரின் பக்கச்சுவரில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவு உலகிற்கே பொது. 22.5 அங்குல உருளிவளையத்திற்கென வார்த்த டயர் எந்நிறுவனம் செய்ததாயினும், உரிய அகலமும் சுமைதாங்கும் திறனும் ஒத்திருப்பின், அவ்வளவுடைய உருளியில் பொருந்தும். பஞ்சரானால் பெருவழியோரத்துச் சிறு கடைக்காரர் கழற்றி ஒட்டித் தருவார். தேய்ந்தால் மேற்பட்டை புதிதாக ஒட்டித் தரும் பட்டறை உண்டு. பழையதை விற்க வேண்டின் வாங்குதற்கு ஆளுண்டு. எதற்கும் செய்த நிறுவனத்தின் இசைவை வேண்ட வேண்டுவதில்லை.

இதனால் டயர் நிறுவனங்கள் அழிந்துவிட்டனவோ? இல்லை, செழித்தே இருக்கின்றன. பொருளை முழுதாக விற்றும் வாணிகத்தில் வெல்லலாம் என்பதற்கு அதுவே சான்று. இனி, தன் டயரைத் தன் கடையிலன்றி வேறெங்கும் ஒட்டலாகாது, தன் வளையத்திலன்றி வேறெதிலும் மாட்டலாகாது, மூன்றாம் ஆண்டில் அது தானே காற்றிறங்கிப்போம் என்று ஒரு நிறுவனம் சொல்லுமாயின், ஓட்டுநர் எள்ளி நகையாடி அப்பாற் செல்வார். டயரிற் பொறுக்காத ஒன்றை மின்கருவியில் மட்டும் தமிழர் பொறுத்துக்கொண்டிருப்பது ஏன்? கருவியின் உள்ளிடம் கண்ணுக்குத் தெரியாமையே கரணியம்.

வீட்டுக்குள் நிற்கும் வேலி

கேபிள் எனப்பெறும் கம்பிவடத் தொலைக்காட்சிக்கு உரிய, மக்கள் ‘செட்டாப் பெட்டி’ என வழங்கும் கருவியைப் பார்க்க. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் ஒளிபரப்புக்கு உதவாது. ஊழியம் பிடிக்காமல் வேறு நிறுவனத்திற்கு மாறுவோர் பெட்டியையும் மாற்ற வேண்டியுள்ளது. பழைய பெட்டி பரண்மேற் கிடக்கும் குப்பையாகின்றது. கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை இந்நாட்டில் 2011ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டிகளும் எல்லா நிறுவனங்கட்கும் பொதுவாதல் வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020ஆம் ஆண்டிற் பரிந்துரைத்தது. பரிந்துரை தாளில் உள்ளது. பெட்டிகளின் பூட்டோ வீடுகளில் உள்ளது.

தனியார் பிடியினின்று மக்களை மீட்கும் பொருட்டு 2007ஆம் ஆண்டில் தமிழக அரசே ஒரு கம்பிவடத் தொலைக்காட்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 2011ஆம் ஆண்டில் அது திங்களுக்கு 70 உருபாக் கட்டணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. எண்முறை ஒளிபரப்புக்கான உரிமத்தை அது 2012ஆம் ஆண்டில் வேண்ட, நடுவணரசு 2017ஆம் ஆண்டிலேதான் வழங்கியது. தன் மக்கட்குத் தன் மொழியில் தன் பணத்தாற் படங்காட்டுதற்கும் ஒரு மாநில அரசு தில்லியின் வாயிலில் ஐந்தாண்டு காத்து நிற்க நேர்ந்த இழிவைத் தமிழர் மறத்தலாகாது.

அவ்வுரிமம் வந்தபின்னும் திறவுகோல் தமிழர் கைக்கு வரவில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பரில், அவ்வரசு நிறுவனத்திற்கு மென்பொருள் தந்துவந்த ஒரு தனியார் நிறுவனத்தோடு நேர்ந்த பூசலால், பல இலக்கம் வீடுகளிற் பெட்டிகள் ஊமையாயின. கம்பி அறவில்லை, மின்சாரம் நிற்கவில்லை, பெட்டி பழுதாகவில்லை. எங்கோ ஒரு மென்பொருள் நின்றது. நாடெங்கும் திரைகள் இருண்டன. அரசே சட்டத்துணையை நாட வேண்டியதாயிற்று. அரசுக்கே இந்நிலை நேருமாயின், தேர்வாய் கண்டிகையின் ஒற்றைக் குடும்பத்தின் நிலை யாதாகும்? பெட்டி அரசினதாயினும், மென்பொருள் பிறனதாயின் ஆட்சி பிறனதே.

தன் கையால் தானே திருத்தும் உரிமை

அண்டை மாவட்டமாகிய காஞ்சிபுரத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிள் கைப்பேசிகள் தமிழ்ப் பெண்களின் கைகளாற் கோக்கப்பெறுகின்றன. ஒவ்வோர் உறுப்பையும் இடமறிந்து பொருத்தும் அறிவு அக்கைகளுக்கு உண்டு. ஆயின், அக்கைப்பேசியை விலைக்கு வாங்கியவன் தன் ஊர்ப் பழுதுபார்ப்புக் கடையில் ஓர் உறுப்பை மாற்றினால், அவ்வுறுப்பை மெய்யென்று ஒப்பமாட்டேன் எனக் கருவியே எச்சரிக்கை காட்டுகின்றது. பழைய கைப்பேசிகளின் விரைவை மென்பொருள் வழியே தான் குறைத்ததாக அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டு திசம்பரில் ஒப்புக்கொண்டது. மின்கலம் தளர்ந்தமையால் கருவி திடுமென அணையாதிருத்தற்கே அவ்வாறு செய்ததாக அது விளக்கம் கூறியது. அவ்விளக்கம் உண்மையே ஆயினும், வாங்கியவனுக்கு அதனை முன்னரே சொல்லாமை குற்றமன்றோ? அது குற்றமென்றே 2020ஆம் ஆண்டிற் பிரெஞ்சு அரசு அந்நிறுவனத்தின்மேல் இரண்டரைக் கோடி ஐரோ ஒறுப்புத்தொகை இட்டது. மின்கலத்தை மாற்றினாற் போதுமென்று அறிந்திருந்தால் பழையதையே வைத்துக்கொண்டிருப்பார் பலர். அறியாமையாற் புதியதை வாங்கினர்.

இந்நாட்டிலும் சில தீர்ப்புகள் வாராமல் இல்லை. உதிரியுறுப்புகளையும் பழுதுபார்க்கும் கருவிகளையும் தனிப் பட்டறைகட்குக் கொடாமல் மறித்த 14 சீருந்து நிறுவனங்களின்மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2014ஆம் ஆண்டில் 2,500 கோடி உருபாவுக்கு மேல் ஒறுப்புத்தொகை இட்டது. கைப்பேசிகளில் தன் செயலிகளையே முன்கூட்டித் திணித்தமைக்காகக் கூகுள் நிறுவனத்தின்மேல் 2022ஆம் ஆண்டு அக்தோபரில் 1,337 கோடி உருபா இட்டது. அடுத்த ஆண்டில் மேன்முறையீட்டு மன்றமும் அத்தொகையை உறுதிசெய்தது. பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022ஆம் ஆண்டு சூலையில் நடுவணரசு ஒரு குழுவையும் அமைத்தது. எனினும் ஒறுப்புத்தொகை அரசின் கருவூலத்திற்குச் செல்லும். பூட்டு வாங்கியவன் வீட்டில் நிற்கும். அவ்வுரிமையை நேரே நாட்டும் சட்டம் இந்நாட்டிற்குத் தேவை.

நூலுக்கும் பூட்டு

கருவிக்கு இட்ட பூட்டினும் கொடியது நூலுக்கு இட்ட பூட்டு. அமேசான் நிறுவனம் 2009ஆம் ஆண்டில், ஆர்வெல் என்னும் ஆங்கில எழுத்தாளரின் நூல்களைத் தன்னிடம் வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து, அவர்கள் அறியாமலே அழித்தது. விற்றவர்க்கு அந்நூல்களை விற்கும் உரிமையில்லை எனக் கரணியம் காட்டிப் பணத்தைத் திருப்பியது. பணத்தைத் திருப்பிவிட்டாற் போதுமோ? ஒருவன் வீட்டுள் நள்ளிரவிற் புகுந்து பொத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேசைமேற் காசை வைத்துச் செல்லும் பொத்தகக் கடைக்காரனை ஊர் என்னவென்று அழைக்கும்?

அதே கருவியில் தமிழ் நூல்களின் விற்பனை 2016ஆம் ஆண்டிறுதியிற் முறையாகத் தொடங்கிற்று. தமிழ் எழுத்தாளர் பலரும் அங்கே குடியேறினர். வாங்கிய நூலைக் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வழியையும் 2025ஆம் ஆண்டு பிப்பிரவரியில் அந்நிறுவனம் அடைத்துவிட்டது. ஓலைச்சுவடி காலத்தும் ஆசிரியன் மாணவனுக்குச் சுவடி கொடுத்தான், மாணவன் படியெடுத்தான், கறையானும் வெள்ளமும் அழித்தன போக எஞ்சியவை அவ்வாறு படியெடுத்தமையாலன்றோ எஞ்சின? ஏட்டைத் தேடி ஊரூராக அலைந்த உ.வே. சாமிநாதர், பூட்டிய ஏட்டையும் பார்த்தார். திறந்த ஏட்டையும் பார்த்தார். பூட்டியவை பல மண்ணாயின. படியெடுக்க ஒட்டாத நூல், நிறுவனம் ஒன்று தளர்ந்த நாளில் தானும் மாய்வது திண்ணம்.

தமிழின் எழுத்துக்கே ஒருகாலத்தில் இப்பூட்டு இருந்தது. 1990களில் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கெனத் தனிக்குறியீடு வகுத்துக்கொண்டமையால், ஒருவர் தட்டிய தமிழ் மற்றவர் கணிப்பொறியிற் புரியாக் கிறுக்கலாயிற்று. பொதுக்குறியீடு நாட்டிய பின்னரே தமிழ் தடையின்றி உலவியது. 1998ஆம் ஆண்டிற் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களைப் பூட்டின்றி இன்றும் யாவர்க்கும் வழங்கி வருகின்றது. தமிழ் பிழைத்ததும் தழைத்ததும் பூட்டைத் திறந்தமையாலேயே.

திருட்டை அஞ்சியே பூட்டினோம் என்பார்க்கு விடை

திரைப்படத்தையும் பாட்டையும் திருடி விற்போர் உளர். அவரைத் தடுக்கவே பூட்டினோம் என்பர் நிறுவனத்தார். திருட்டு உளது; அது படைத்தவன் வயிற்றில் அடிப்பதே; ஐயமில்லை. ஆனால் பூட்டு எவனைத் தடுத்தது? திருடன் முதல்நாளே பூட்டை உடைத்துப் படத்தை ஊரெங்கும் பரப்பிவிடுகின்றான். அவனிடம் பெற்றவன் எக்கருவியிலும் பார்க்கின்றான். பணங்கொடுத்துப் பெற்ற நேர்மையாளனே, இக்கருவியில் ஓடாது, இந்நாட்டில் ஓடாது, இத்திங்களோடு முடிந்தது என்னும் தடைகளைச் சுமக்கின்றான். திருடனுக்குத் திறந்தும் நேரியனுக்குச் சாத்தியும் நிற்பது கதவன்று. 2012ஆம் ஆண்டிற் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், பிறருரிமையைப் பறிக்கும் நோக்கோடு இப்பூட்டுகளை உடைப்பார்க்கு ஈராண்டு வரை சிறையொறுப்பு வகுத்தது. பூட்டுக்குக் காவலாகச் சட்டம் உளது; பூட்டப்பட்டவனுக்குக் காவலாகச் சட்டம் எங்கே?

இத்தகைய பூட்டை அரசும் மக்களும் சேர்ந்து திறந்த முன்காட்டும் தமிழகத்திலேயே உண்டு. பாரதியார் பாட்டுகளின் இசைத்தட்டு ஒலிபரப்பு உரிமை ஒருகாலத்தில் ஏ.வி.எம். மெய்யப்பர் கையில் இருந்தது. 1948ஆம் ஆண்டு வெளிவந்த ‘பில்கணன்’ படத்தில் அப்பாவலரின் பாட்டொன்று இடம்பெற்றமைக்காக டி.கே.எஸ். உடன்பிறந்தார்மேல் வழக்கும் எழுந்தது. நாட்டு விடுதலையைப் பாடிய பாட்டுக்கே விடுதலை வேண்டுமென்று பாரதி விடுதலைக் கழகத்தார் கிளர்ந்தனர். 1949ஆம் ஆண்டில் ஓமந்தூராரின் அரசு அவ்வுரிமையைப் பெற்று நாட்டிற்குப் பொதுவாக்கிற்று. மெய்யப்பரும் விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு ஒரு பாவலரின் பாட்டைக் கேட்பதற்குத் தமிழன் எவனிடமும் இசைவு வேண்டலாகாது என்று எழுந்த உணர்ச்சி, இன்று தன் வீட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு எழாதோ?

ஒப்பம் எம்மொழியில்?

இக்கட்டுப்பாடுகளையெல்லாம் வாங்குவோர் ஒப்புக்கொண்டே வாங்கினர் என்பது நிறுவனத்தாரின் கடைசி அரண். எங்கே ஒப்பினர்? பல பக்கம் நீளும் ஆங்கில முறியின் அடியில், ‘ஒப்புகின்றேன்’ என்னும் கட்டத்தைத் தொட்டனர். தொடாவிடிற் கருவி இயங்காது. பணங்கொடுத்தபின் காட்டப்பெறும் முறி, அறியாத மொழியில் எழுதிய முறி, மறுத்தற்கு வழியில்லாத முறி ஆகிய இது ஒப்பந்தமாமோ? எழுதத் தெரியாதவனிடம் வெற்றுத்தாளிற் பெருவிரல் ஒற்றிக்கொண்ட பழைய வட்டிக்கடைக்காரனே இன்று ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்திருக்கின்றான்.

தமிழில் எழுதுதல் இயலாது என்பதும் பொய். தனிமாந்தர் தரவுக் காப்பிற்கென 2023ஆம் ஆண்டில் இயற்றிய நடுவண் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட 22 மொழிகளில் ஒன்றிற் பெறும் தெரிவை மக்களுக்கு வகுத்துள்ளது. தரவுக்குப் பொருந்துவது விலைக்குப் பொருந்தாதோ? அமெரிக்க நாட்டுக் கலிபோர்னிய மாநிலமோ, உரிமம் மட்டும் கொடுத்துவிட்டு ‘வாங்குக’ என்னும் சொல்லால் மக்களை மயக்கலாகாது என்று 2024ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியது. 2025 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சொல்லின் மெய்ம்மைக்காக ஒரு மாநிலம் சட்டம் செய்கின்றது. விலைக்கும் குத்தகைக்கும் தனித்தனிச் சொல்லுடைய தமிழர், அச்சொற்களைக் காக்க ஏன் எழவில்லை?

ஆகலின், தமிழ்மக்கள் அரசின்முன் வைக்க வேண்டிய வேண்டுகைகள் நான்கு.

ஒன்று: உடைமை முழுதும் கைமாறும் பொருளுக்கே ‘விலை’ என்னும் சொல் வழங்கல் வேண்டும். அல்லாதவற்றைக் ‘குத்தகை’ என்று, விலை எழுதிய அதே அளவெழுத்தில், தமிழில் எழுதல் வேண்டும்.

இரண்டு: பணம் பெறுதற்கு முன்பே கட்டுப்பாடுகள் அனைத்தையும் எளிய தமிழிற் காட்டல் வேண்டும். தமிழிற் காட்டாத கட்டுப்பாடு தமிழகத்திற் செல்லாதாதல் வேண்டும்.

மூன்று: தொலைக்காட்சிப் பெட்டிகள் டயரைப்போற் பொது அளவினவாதல் வேண்டும். கருவிகளின் உதிரியுறுப்பும் பழுதுநீக்கும் குறிப்பும் ஊர்ப் பட்டறைகட்கும் கிடைத்தல் வேண்டும்.

நான்கு: மக்கள் வரிப்பணத்தால் வாங்கும் எந்நூலும் எம்மென்பொருளும் பூட்டற்றதாதல் வேண்டும், திறவுகோல் அரசின் கையில் இருத்தல் வேண்டும்.

அரசு செய்யுமளவும் மக்கள் வாளா இருத்தலும் தகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புச் சட்டம், வாங்கியவன் தான் வாழும் மாவட்டத்திலேயே முறையிட இடந்தருகின்றது. தேர்வாய் கண்டிகையில் வாழ்பவர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற் தமிழிலேயே முறையீட்டை எழுதித் தரலாம். நேர்மையற்ற ஒப்பந்தத்தைச் செல்லாதென அறிவிக்கும் ஆற்றலை அச்சட்டம் மாநில ஆணையத்திற்கு அளித்துள்ளது. ஒரு முறையீட்டை எள்ளுவர். ஊருக்கொன்றாக எழுந்தால் அஞ்சுவர். பதிப்பகத்தார் பூட்டற்ற மின்னூல்களையும் விற்க முன்வருதல் வேண்டும். இளைஞர் கட்டற்ற மென்பொருளைப் பயின்று பிறர்க்கும் பயிற்றுதல் வேண்டும்.

காட்டை இழந்தார் தேர்வாய் கண்டிகையார், அவ்விழப்பு கண்ணுக்குத் தெரிந்தது, ஆதலின் போராடினர். கைக்குள் இருக்கும் கருவியில் நிகழும் இழப்போ கண்ணுக்குத் தெரிவதில்லை; ஆதலின் நாடே உறங்குகின்றது. வெளியெல்லையைத் தந்து உள்ளிடத்தை மறைத்துக்கொள்ளும் வாணிகத்தைத் தமிழர் இனியும் வாணிகம் என்று அழைத்தலாகாது. விற்பவன் உண்ணிலம் ஒழிவின்றி விற்கட்டும்! அல்லானேல், விலை என்னும் தமிழ்ச்சொல்லைத் தன் வாயால் சொல்லாது ஒழியட்டும்!